சாம்பல் நிறமே இல்லாத மழை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக ஆங்காங்கே திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோடுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. பர்ஸ்ல 500 ரூபா நோட்டு இருந்தா எடுங்க. ஜிபே காலத்துல நோட்டுக்கு எங்க போறதுன்னு கேக்குறவங்க, வீட்டுல யார்கிட்டயாவது வாங்கிக்கோங்க, எபிசோடு முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துடலாம். நோட்டுல காந்தி முகத்து மேல விரலை மெதுவா ஓட்டுங்க. புது நோட்டா இருந்தா அந்த இடம் லேசா மேடா, சொரசொரப்பா இருக்கிறது தெரியும். இப்போ போன் கேமராவைக் கிட்டக் கொண்டுபோய், அவர் முகத்துல நிழல் விழுற இடத்தைப் பெரிசாக்கிப் பாருங்க. தூரத்துல மென்மையான நிழலாத் தெரிஞ்ச இடத்துல, கிட்டப் போனா வெறும் கோடுகளும் புள்ளிகளும்தான் இருக்கும்.

அந்த மேட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் காரணம் ஒண்ணுதான். உலோகத் தகட்டுல பள்ளம் எடுத்து, பள்ளத்துல மையை நிரப்பி, பேப்பரை அழுத்தி அந்த மையை வெளியே இழுக்கிற அச்சு முறை அது. இன்டாக்லியோன்னு பேரு. இன்னைக்குப் பேசப்போறது அதே குடும்பத்தைச் சேர்ந்த எட்சிங் பத்தி. அதுலயும் நிலக்காட்சி மட்டும். மரம், வயல், வானம், பாறை. காலம் 17ஆம் நூற்றாண்டு, இடம் நெதர்லாந்து, ஆள் ரெண்டு பேர். ரெம்பிராண்ட்டை எல்லாருக்கும் தெரியும். ஹெர்குலஸ் செகர்ஸை அதிகம் பேருக்குத் தெரியாது.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம். எட்சிங்ல சாம்பல் நிறம்னு ஒண்ணு கிடையாது, கோடு மட்டும்தான் இருக்கு. அதனால ஒரு இடம் இருட்டா இருக்குன்னா, அங்க எந்த மாதிரிக் கோட்டைப் போடுறதுன்னு ஒருத்தர் யோசிச்சு முடிவெடுத்திருக்கார்னு அர்த்தம். அந்தப் படம் சொல்ற விஷயம் பெரும்பாலும் அந்த முடிவுக்குள்ளதான் இருக்கு.

தகடு, ஊசி, ஆசிட்

இசிஇ படிச்சவங்களுக்கு இது உடனே பிடிபடும். லேப்ல பிசிபி செஞ்சிருப்பீங்க. செம்பு பூசின போர்டுல, சர்க்யூட் வர வேண்டிய இடத்தை மட்டும் மார்க்கரால மூடிட்டு, ஃபெரிக் குளோரைடு கரைசல்ல போடுவோம். மூடாத செம்பெல்லாம் கரைஞ்சு போயிடும், மூடின இடம் நிக்கும். அந்த வேலைக்கும் எட்சிங்னுதான் பேரு. சும்மா பேரு ஒத்துப்போகல, வேலையே ஒண்ணுதான்.

ஓவியர் செய்யறது இப்படி. செப்புத் தகடு முழுக்க மெழுகும் பிசினும் கலந்த ஒரு மெல்லிய பூச்சைப் பூசுவார். அது மேல ஊசியால வரைவார். ஊசி போன பாதையில பூச்சு விலகி, செம்பு பளிச்சுன்னு தெரியும். தகட்டை அமிலத்துல போட்டா, தெரியிற செம்பை மட்டும் அமிலம் அரிக்கும். அப்புறம் பூச்சைக் கழுவிட்டா, தகட்டுல கோடு கோடா பள்ளம் இருக்கும். மையைத் தேய்ச்சு, மேல்பரப்பைத் துடைச்சு, ஈரமான பேப்பரை வச்சு, ரெண்டு உருளைக்கு நடுவுல அழுத்தி ஓட்டினா படம் வந்துடும். இடம் வலமா மாறி, கண்ணாடியில பாக்குற மாதிரி வரும்.

இதுல மூணு விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. முதல் விஷயம் வேகம். ஊசி மெழுகு மேலதான் போகுது, செம்பை அது வெட்டுறதில்ல. அதனால பேனாவுல கிறுக்குற அளவுக்குக் கை சுதந்திரமா ஓடும். பியூரின்னு ஒரு கருவி இருக்கு, சின்ன உளி மாதிரி. அதை உள்ளங்கையில வச்சுத் தள்ளி, உலோகத்தையே சீவி எடுக்கணும். அந்தக் கோடு அளவா, இறுக்கமா வரும். ரெண்டு கோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, எது ஓடின கை, எது தள்ளின கைன்னு கண்ணுக்கே தெரியும்.

ரெண்டாவது நேரம். அமிலத்துல அதிக நேரம் இருந்த கோடு ஆழமா, அகலமா இருக்கும். மை அதிகம் பிடிக்கும், கறுப்பா விழும். தூரத்துல இருக்கிற மலையைக் கொஞ்ச நேரம் மட்டும் அரிக்கவிட்டு, அந்த இடத்தை வார்னிஷால மூடிட்டு, கிட்ட இருக்கிற மரத்தைத் திரும்பவும் அமிலத்துல போடலாம். அதாவது தூரத்தை நிமிஷக் கணக்குல அளக்கலாம்.

மூணாவதுதான் முக்கியமானது. ஒரு இடத்துல மை இருக்கும், இல்லாட்டி இருக்காது. ஒண்ணு அல்லது பூஜ்யம். மையை முழுசாத் துடைக்காம ஒரு மெல்லிய படலமா விடுற வழக்கமும் உண்டு, ரெம்பிராண்ட்டே பிற்காலத்துல அதை நிறையச் செஞ்சார். ஆனா தகட்டுல நிரந்தரமா இருக்கிறது பள்ளமும் பள்ளம் இல்லாத இடமும்தான். இருட்டு வேணும்னா கோடுகளை நெருக்கணும், வெளிச்சம் வேணும்னா கோட்டைப் போடாம விடணும். வெளிச்சத்தை யாரும் வரையல, அது வெறும் பேப்பர்.

முதல் வருஷம் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ்ல டிராஃப்டரோட போராடினவங்களுக்கு இன்னொண்ணு ஞாபகம் வரும். செக்‌ஷன் வியூல 45 டிகிரி சாய்வாக் கோடு கோடாப் போட்டா, அந்த இடத்துல பொருளை வெட்டியிருக்கோம்னு அர்த்தம். விட்டு விட்டுப் போட்ட கோடுன்னா, அது கண்ணுக்குத் தெரியாம மறைஞ்சிருக்கிற விளிம்பு. அங்க கோட்டோட வகையே ஒரு சொல் மாதிரி, அதுக்கு என்ன அர்த்தம்னு புக்குல எழுதியிருக்கு. எட்சிங்ல அப்படி ஒரு புக்கு கிடையாது. ஒவ்வொரு படமும் தனக்குன்னு ஒரு அகராதியை உருவாக்கி, அந்தப் படத்துக்குள்ளயே நமக்கு அதைக் கத்துக் கொடுக்கணும்.

கடுகு வர்றதுக்குள்ள

முதல்ல ஒரு லேசான படம். ‘சிக்ஸின் பாலம்’, ரெம்பிராண்ட், 1645. சுமார் 13 சென்டிமீட்டர் உயரம், 22 சென்டிமீட்டர் அகலம். ஒரு சின்ன மரப்பாலம், அதுல ரெண்டு பேர், ஒல்லியா மரங்கள், ஒரு படகு, தூரத்துல ஒரு கோபுரம். அவ்வளவுதான்.

இந்தப் படத்துக்கு ஒரு கதை உண்டு. ரெம்பிராண்ட் தன் நண்பர் யான் சிக்ஸோட கிராமத்து வீட்டுக்குப் போயிருந்தாராம். சாப்பாட்டு மேஜையில கடுகு விழுது இல்ல. வேலைக்காரரைப் பக்கத்து ஊருக்கு அனுப்பினாங்க. அவர் திரும்பி வர்றதுக்குள்ள ஒரு தகட்டையே முடிச்சுக் காட்டுறேன்னு ரெம்பிராண்ட் பந்தயம் கட்டி ஜெயிச்சாராம். இந்தக் கதை அச்சுல வந்தது 1751ல, ஜெர்சான் அப்படிங்கிற பிரெஞ்சு வியாபாரி தொகுத்த ரெம்பிராண்ட் பட்டியல்ல. படம் வரைஞ்சு நூறு வருஷத்துக்கும் மேல ஆனப்புறம். அதனால வரலாறுன்னு எடுத்துக்க வேண்டாம், கதைன்னே வச்சுக்கலாம்.

எனக்குக் கதை உண்மையாங்கிறதை விட, அது ஏன் இந்தப் படத்தோட ஒட்டிக்கிச்சுங்கிறது சுவாரசியமா இருக்கு. ரெம்பிராண்ட் சுமார் 300 அச்சுப் படங்கள் செஞ்சிருக்கார். இந்தக் கடுகுக் கதை இதுக்கு ஏன் வரணும்? கோடுகளைப் பாருங்க. எல்லாமே ஒரே வீச்சுல போட்டது. வானத்துல ஒரு கோடு கூட இல்ல. குறுக்கும் நெடுக்குமா நெருக்கின இருட்டு கிட்டத்தட்ட எங்கயும் இல்ல. மரத்தோட இலைகளை ரெண்டு மூணு சுழிப்புல முடிச்சிருக்கார். கோடு குறைவா இருக்கிறதால, கோட்டுக்கு நடுவுல இருக்கிற வெள்ளைப் பேப்பர் காத்து மாதிரி ஆகிடுது. பாக்குறவங்களுக்கு அவசரமில்லாத ஒரு மதியம், ஒரு சின்ன நேரம்னு தோணுது. அந்த வேகம் தகட்டுல பதிஞ்சிருக்கு, கதை அப்புறம் அதைத் தேடி வந்து சேர்ந்துக்கிச்சு. அதாவது, படத்துல என்ன இருக்குங்கிறதைத் தாண்டி, கோடு எப்படிப் போயிருக்குங்கிறதே ஒரு தகவல்.

மூன்று மரங்கள்

இப்போ ரெண்டு வருஷம் பின்னாடி போவோம். 1643. அதே ரெம்பிராண்ட், அதே தட்டையான ஹாலந்து நிலம். படத்தோட பேரு ‘மூன்று மரங்கள்’. அவரோட நிலக்காட்சி எட்சிங்லயே பெரிசு இதுதான். பெரிசுன்னா ரொம்பவும் இல்ல, ஒரு ஏ4 பேப்பரைப் படுக்க வச்சு நீளத்துல கொஞ்சம் வெட்டின அளவு.

வலது பக்கம் ஒரு மேடு, அதுல நெருக்கமா மூணு மரம். இடது பக்கம் விரிஞ்சு போற சமவெளி, அடிவானத்துல ஒரு நகரம். ஆம்ஸ்டர்டாம்னு சொல்றாங்க. மேல பெரிய வானம். அவரோட நிலக்காட்சி எட்சிங் பெரும்பாலானதுல வானம் காலிப் பேப்பர்தான். இதுல மட்டும் வானம் முழுக்க வேலை நடக்குது.

அந்த வானத்தோட மேல் இடது மூலையைப் பாருங்க. சாய்வா, கெட்டியா, வரிசையா நேர்கோடுகள் இறங்குது. மழை. ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி அவ்வளவு நேரா இருக்கு. படத்துல வேற எதுவும் அப்படி இல்ல. மேகம் நீளமா வளைஞ்சு சுருளுது. வயல் சின்னச் சின்னப் படுக்கைக் கோடுகள். மரத்தோட இலைகள் சுருள் சுருளா, ஒண்ணு மேல ஒண்ணா நெருக்கினது. முன்னாடி இருக்கிற மேடு குறுக்குக் கோடுகளைப் பல அடுக்காப் போட்டு இருட்டாக்கினது. எட்சிங் ஊசி, ட்ரைபாயிண்ட், பியூரின் மூணையும் ஒரே தகட்டுல பயன்படுத்தியிருக்கார்.

இதுல மழைக்கோடுகள்தான் என்னை நிறுத்தினது. நிஜ மழையைக் கவனிச்சு வரையறவர் இப்படி வரைய மாட்டார். உண்மையான மழை புகை மாதிரித் தெரியும், திரை மாதிரித் தெரியும். இந்தக் கோடுகள் மழையோட தோற்றத்தைக் காட்டுறதை விட, அதோட தன்மையைச் சொல்லுது. அதுக்கு யாரையும் தெரியாது, அது எதுக்காகவும் வளையாது. கீழே இருக்கிற எல்லாக் கோடும் எதையாவது பாத்து வளைஞ்சிருக்கு. கிளை காத்துக்கு வளையுது, மேடு மண்ணோட பாரத்துக்கு வளையுது, மேகம் தன்னையே சுத்தி வளையுது. வளையாத கோடும் வளையிற கோடும் ஒரே படத்துக்குள்ள எதிரெதிரா நிக்குது. மரங்களுக்குப் பின்னாடி மட்டும் வானத்துல கோடு ரொம்பக் குறைஞ்சு, பேப்பர் பளிச்சுன்னு இருக்கு. அதனாலதான் அந்த மூணு மரமும் அவ்வளவு கறுப்பா, அவ்வளவு உறுதியாத் தெரியுது. அந்த உறுதி மரத்துக்குள்ள இருக்கிற கோட்டுல பாதி, மரத்தைச் சுத்தி விட்ட காலியிடத்துல பாதி.

சிலுவையா, மரமா

இந்தப் படத்துக்கு ரெண்டு விளக்கம் அடிக்கடி சொல்லுவாங்க. ஒண்ணு, மூணு மரம்னா கல்வாரியில இருந்த மூணு சிலுவை. இன்னொண்ணு, ரெம்பிராண்ட்டோட மனைவி சாஸ்கியா 1642ல இறந்துட்டாங்க, அடுத்த வருஷம் செஞ்ச படம் இது, அதனால அந்தப் புயல் அவரோட துக்கம்.

ரெண்டும் தப்புன்னு நான் சொல்லல. ஆனா ரெண்டுமே படத்தைப் பாக்காமலே சொல்லக்கூடியது. தலைப்பும் தேதியும் தெரிஞ்சா போதும், வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்ணிடலாம். படத்துக்குள்ள போனா விஷயம் இன்னும் சிக்கலாகுது, இன்னும் அழகாவும் ஆகுது.

கீழ் வலது மூலைக்குப் போங்க. படத்துலயே அதிகமா இருண்ட இடங்கள்ல ஒண்ணு. முதல் பார்வைக்கு வெறும் புதர். ஜூம் பண்ணிக்கிட்டே இருங்க. குறுக்குக் கோடுகளுக்கு உள்ள ரெண்டு உருவம் மெல்ல மெல்லத் தெரியும். ஒரு காதல் ஜோடி, புதருக்குள்ள ஒளிஞ்சு உக்காந்திருக்காங்க. அவங்களை ரெம்பிராண்ட் வரைஞ்சதும் கோட்டுல, மறைச்சதும் அதே கோட்டுல. உலகத்துக்கிட்ட இருந்து அவங்களை மறைக்கிற இலைகளும், நம்மகிட்ட இருந்து மறைக்கிற குறுக்குக் கோடுகளும் ஒண்ணேதான். இருட்டுன்னா துக்கம்னு நாம நினைச்சுட்டு வந்தோம். இந்தப் படத்தோட அகராதியில இருட்டுன்னா அடைக்கலம்னும் ஒரு பொருள் இருக்கு.

இடது பக்கம் தண்ணிக்கரையில ஒருத்தர் மீன் பிடிக்கிறார், பக்கத்துல ஒரு பெண். புயலைப் பத்தி ரெண்டு பேருக்கும் பெரிய கவலை இருக்கிற மாதிரித் தெரியல. வலது பக்கம் மேட்டு மேல, ரொம்பச் சின்னதா, ஒருத்தர் உக்காந்து வரைஞ்சுக்கிட்டு இருக்கார். அவர் இந்தப் புயலையும் பாக்கல, இந்த மரங்களையும் பாக்கல. படத்துக்கு வெளியே, வேற பக்கம் திரும்பியிருக்கார். அவரைப் போட்டிருக்கிறது சில மெல்லிய கோடுகள்ல.

ஒரே மழைக்குக் கீழ ஒருத்தருக்கு மீன், ரெண்டு பேருக்குக் காதல், ஒருத்தருக்கு வேலை. துக்கம் இருக்கலாம். ஆனா அது படம் முழுக்கப் பரவி நிக்கல, ஒரு மூலையில நேர்கோடா இறங்குது. மத்த இடத்துல வாழ்க்கை தன்னோட சுருள் கோட்டுல போயிக்கிட்டு இருக்கு. மனைவி போன அடுத்த வருஷம் ஒருத்தர் இப்படி ஒரு படம் செஞ்சார்னா, ‘அவர் சோகமா இருந்தார்’ங்கிற ஒத்தை வரியை விட அது எவ்வளவோ பெரிய விஷயம். அந்த விஷயம் அவரோட வாழ்க்கைக் குறிப்புல கிடைக்காது, தகட்டுல கிடைக்கும்.

பாறைக்குத் தோல் போட்டவர்

இப்போ செகர்ஸ். ரெம்பிராண்ட்டுக்கு முந்தின தலைமுறை, 1590ஐ ஒட்டிப் பிறந்தவர். 50க்குச் சற்று அதிகமான தகடுகள்தான் அவரோடதாத் தெரியும். அதுல இருந்து எடுத்த பிரதிகள்ல இன்னைக்கு மிஞ்சியிருக்கிறது 180 சொச்சம். பெரிய தொகுப்பு ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்துல இருக்கு.

தட்டையான ஊர்ல இருந்துக்கிட்டு இவர் வரைஞ்சது பெரும்பாலும் மலைப் பள்ளத்தாக்கு. பாறை, பிளவு, பட்ட மரம், எப்பவாவது ஒரு சின்ன மனுஷன். இவரோட கோடு பொருளோட விளிம்பைச் சுத்தி ஓடாது. சின்னச் சின்னதா உடைஞ்ச கோடு, புள்ளி, நெளிவு. அதையே ஆயிரக்கணக்குல போட்டுப் பரப்பியிருப்பார். பாறை எங்க முடியுது, நிழல் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது. பாறைக்கே தோல் இருக்கிற மாதிரி, அது அரிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரித் தோணும். செம்பை ஆசிட் தின்னு உருவான படத்துல, காலம் தின்ன பாறை. முறையும் பொருளும் ஒண்ணா ஆகிடுது.

இன்னொண்ணும் செஞ்சார். அந்தக் காலத்துல அச்சுப் படம்னா வெள்ளைப் பேப்பர்ல கறுப்பு மை, எல்லாப் பிரதியும் ஒரே மாதிரி. இவர் நீல மை, பச்சை மைன்னு மாத்தினார். சாயம் பூசின பேப்பர்லயும், துணியிலயும் அச்சடிச்சார். மேல தூரிகையால வண்ணம் தீட்டினார், ஓரங்களை வேற வேற மாதிரி வெட்டினார். ஒரே தகட்டுல இருந்து விடியலும் வரும், ராத்திரியும் வரும். நம்ம ஊர்க் கணக்குல சொன்னா, ஒரே கோடு, ஒவ்வொரு தடவை ரன் பண்ணும்போதும் வேற அவுட்புட்.

சந்தை இதைப் பெரிசா மதிக்கலன்னு ஹூக்ஸ்ட்ராட்டன் 1678ல எழுதினார். இவரும் ஓவியர்தான், ரெம்பிராண்ட்கிட்ட படிச்சவர். செகர்ஸோட படங்கள் கடையில வெண்ணெயும் சோப்பும் மடிக்கப் போச்சுன்னு அவர் சொல்றார். பழைய பேப்பர்ல பஜ்ஜி மடிக்கிற மாதிரி. செகர்ஸ் இறந்து நாப்பது வருஷம் கழிச்சு எழுதினது, கொஞ்சம் மிகைப்படுத்தியும் இருக்கலாம். ஆனா மதிச்ச ஒருத்தர் உறுதியா இருந்தார். ரெம்பிராண்ட் கடன்ல மூழ்கினப்போ, 1656ல அவர் வீட்டுச் சாமான்களுக்குப் பட்டியல் எடுத்தாங்க. அதுல செகர்ஸோட ஓவியங்கள் எட்டு இருந்துச்சு.

ஒரே தகடு, ரெண்டு கை

ஓவியம் மட்டும் இல்ல, செகர்ஸ் வேலை செஞ்ச ஒரு செப்புத் தகடும் ரெம்பிராண்ட் கைக்கு வந்து சேர்ந்துச்சு. அதுல இருந்த படம் தொபியாவும் தேவதூதரும். பயணம் போற ஒரு இளைஞனுக்குத் தேவதூதர் வழித்துணையா வர்ற பழைய கதை. வலது பக்கம் ரெண்டு பெரிய உருவம், இடது பக்கம் செகர்ஸோட பள்ளத்தாக்கு.

1653ஐ ஒட்டி ரெம்பிராண்ட் அந்தத் தகட்டை எடுத்து, வலது பக்கத்தைச் சுரண்டித் தேய்ச்சார். செம்புல அழிக்கிறது சாதாரண வேலை இல்ல. பள்ளத்தைச் சுரண்டி, தேய்ச்சு, மறுபடி வழுவழுப்பாக்கணும். அழிச்ச இடத்துல அடர்த்தியா மரங்களையும், மரத்தடியில குழந்தை இயேசுவோட எகிப்துக்குத் தப்பிப் போற குடும்பத்தையும் சின்னதாப் போட்டார். படத்தோட பேரு ‘எகிப்துக்கு ஓட்டம்’னு மாறிடுச்சு.

இதுல எதை மாத்தினார், எதை விட்டார்னு பாருங்க. கதையை மாத்திட்டார், பாறையைப் பெரும்பாலும் அப்படியே வச்சுக்கிட்டார். யாரும் வரி வரியா விளக்க வேண்டாம், பிரிண்ட்டைப் பாத்தாலே எல்லை தெரியும். இடது பக்கம் செகர்ஸோட உடைஞ்ச, நுணுக்கமான புள்ளிக்கோடு. வலது பக்கம் ரெம்பிராண்ட்டோட நீளமான, வேகமான, இருட்டான கீறல். கிட்ஹப்ல பழைய ரெப்போவைத் திறந்தா, எந்த ஃபங்ஷனை யார் எழுதினாங்கன்னு ஸ்டைல்லயே தெரியுமே, அந்த மாதிரி.

பழைய கமிட் முழுசா அழியவும் இல்ல. ரெம்பிராண்ட் போட்ட மரங்களோட இலைகளுக்கு நடுவுல கூர்ந்து பாத்தா, தேவதூதரோட இறக்கை இன்னும் தெரியும். இறக்கையோட கோடு இப்போ இலையா வேலை செய்யுது. மழைக்கோட்டை ஏன் மழைன்னு படிக்கிறோம், இறக்கையை ஏன் இலைன்னு படிக்கிறோம்? பக்கத்துல என்ன இருக்குங்கிறதை வச்சுத்தான். தனியா ஒரு கோட்டுக்கு அர்த்தம் ரொம்பக் கொஞ்சம். பக்கத்துக் கோடுகள்தான் அதுக்கு வேலை கொடுக்குது.

தேயிற கறுப்பு

கடைசியா ஒரு டெக்னிக். ட்ரைபாயிண்ட். இதுல மெழுகும் இல்ல, ஆசிட்டும் இல்ல. கூர்மையான ஊசியால நேரா செம்பைக் கீறுறது. கீறும்போது ரெண்டு ஓரத்துலயும் உலோகம் பிசிறா எழும்பும். வயல்ல ஏர் போனா மண் புரண்டு ஓரத்துல குவியுமே, அப்படி. மெக்கானிக்கல் மக்கள் இதை உடனே ஃபைல் போட்டு ராவிடுவாங்க, ஒர்க்‌ஷாப்ல அதுக்குத்தான் மார்க்கு. ரெம்பிராண்ட் அந்தப் பிசிறை அப்படியே விட்டார். பிசிறு மையைப் பிடிச்சுக்கும். அச்சுல கோடு கூரா விழாம, ஓரத்துல கசிஞ்சு, வெல்வெட் மாதிரிக் கறுப்பா விழும்.

1652ல செஞ்ச ஒரு படம், ஒரு மரக்கூட்டமும் அதுக்கு நடுவுல தூரம் தெரியிற ஒரு இடைவெளியும். அந்தத் தகடு முழுக்க ட்ரைபாயிண்ட். முதல் கட்டத்துப் பிரதியில கொஞ்சம் கோடுகளை மட்டும் போட்டுப் பாத்திருக்கார். அடுத்த கட்டத்துல மரங்கள் அடர்ந்து, ஈரமா, இருட்டா நிக்குது. அந்த ஈரத்தைக் கொடுக்கிறது பிசிறுதான்.

சிக்கல் என்னன்னா, ஒவ்வொரு தடவை அச்சு எடுக்கும்போதும் அந்த அழுத்தத்துல பிசிறு தேயும். சில டஜன் பிரதிக்குள்ள வெல்வெட் போயிடும். அப்புறம் வர்றதுல எல்லாக் கோடும் இடம் மாறாம இருக்கும், ஆனா மரம் காஞ்சு போயிருக்கும். ஒரே தகடு, ஒரே வரைபடம், வேற அர்த்தம். நம்ம துறையில காப்பின்னா ஒரிஜினலுக்குச் சமம். பைட்டுக்கு பைட் ஒண்ணு. இங்க ஒவ்வொரு காப்பியும் ஒரிஜினல்ல இருந்து கொஞ்சம் எடுத்துக்கிட்டுத்தான் வருது.

தம்ப்நெயில் சொல்ற பொய்

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு நேரம் பேசுறேன்னா, நாம இந்தப் படங்களைப் பாக்குற விதத்துல ஒரு உண்மையான பிரச்சினை இருக்கு.

‘மூன்று மரங்கள்’னு தேடினா, போன்ல ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு படம் வரும். அந்த அளவுக்குச் சுருக்கணும்னா, மென்பொருள் பக்கத்துப் பக்கத்து பிக்சல்களைக் கூட்டிச் சராசரி எடுக்கும். கறுப்புக் கோடும் வெள்ளைப் பேப்பரும் கலந்து சாம்பல் நிறம் ஆகிடும். தகட்டுல எங்கயுமே இல்லாத நிறம். மழையோட நேர்கோடும், புதரோட குறுக்குக் கோடும், மேகத்தோட சுருளும் எல்லாம் ஒரே மாதிரி சாம்பல். நாம இதுவரைக்கும் பேசின எல்லா வித்தியாசமும் அந்தச் சராசரியில காணாமப் போயிடுது. காதல் ஜோடி போயிடுறாங்க. வரையறவர் போயிடுறார். மிஞ்சுறது மூணு மரம், ஒரு புயல், ஒரு தலைப்பு. அப்புறம் சிலுவை, சோகம்னு நாம எளிமையா முடிச்சுக்கிறதுல என்ன ஆச்சரியம் இருக்கு? நம்ம கையில இருக்கிற தகவல் அவ்வளவுதான்.

ஒரு எண்ணெய் ஓவியத்தைச் சுருக்கினா நிறைய இழப்போம், கொஞ்சம் மிஞ்சும். எட்சிங்கைச் சுருக்கினா, அது எதனால ஆனதோ அதுவே போயிடும்.

நல்ல செய்தி, இதுக்குத் தீர்வு இலவசம். ரைக்ஸ்மியூசியமும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியமும் தங்களோட படங்களைப் பெரிய அளவுல இணையத்துல திறந்து வச்சிருக்காங்க. லேப்டாப்ல பாருங்க, போனை விட்டுடுங்க. கோடு கோடாத் தெரியிற வரைக்கும் ஜூம் பண்ணுங்க. அப்புறம் நாலு கேள்வி. இந்தக் கோடு ஓடினதா, தள்ளினதா? இது நேரா இருக்கா, எதுக்காகவாவது வளைஞ்சிருக்கா? இங்க இருட்டு எதையாவது மறைக்குதா? எந்த இடத்துல கோடே போடாம விட்டிருக்கார்? தலைப்பையும் வருஷத்தையும் இந்த நாலுக்கும் அப்புறம் படிங்க.

ஒரு படத்துக்குப் பத்து நிமிஷம் போதும். ரெம்பிராண்ட் அந்த ஜோடியைப் புதருக்குள்ள வச்சு 380 வருஷம் ஆச்சு. வேகமா ஸ்க்ரோல் பண்றவங்க யாரும் அவங்களைத் தொந்தரவு பண்ணினதில்ல. நீங்க தேடிப் போனா கிடைப்பாங்க. சத்தம் போடாம பாத்துட்டு வந்துடுங்க.

கண்டுபிடிச்சதும் எழுதுங்க, வேற ஏதாவது உருவம் கண்ணுல பட்டாலும் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.